மருத்துவமனையில் பெரியவர் பேச்சைக் குறைத்துவிட்டால்: உடன் இருப்பவருக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பைப் பொறுத்தவரை எல்லாம் நன்றாகவே போனது. ஆனால் நான்காம் நாளிலிருந்து அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு வேண்டாம், நடைப்பயிற்சி வேண்டாம், பேத்தி போனில் வந்தாலும் வேண்டாம். வார்டில் கேட்டபோது "வயசாயிடுச்சு, ஆபரேஷன் வேற ஆகியிருக்கு, அப்படித்தான் இருப்பாங்க" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மனநல மருத்துவர் ஒருவர் வந்து பார்த்து, இது மனச்சோர்வு (டிப்ரெஷன்) என்று சொல்வதற்குள் 19 நாள் ஓடிவிட்டது.

அந்த 19 நாளில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை நான் செய்தேன். அவற்றை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரை வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. யாரிடம், எப்போது, என்ன காகிதத்தோடு போய்க் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனோ மகளோ மனைவியோதான் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

1. முன்பு எப்படி இருந்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

வார்டில் இருக்கும் எவரும் உங்கள் அப்பாவையோ அம்மாவையோ இதற்கு முன் பார்த்ததில்லை. பேசாமல் படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்தால், இவர் சுபாவமே இப்படித்தான் போலிருக்கிறது என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். மாறிவிட்டார் என்பது வீட்டார் சொன்னால்தான் தெரியும்.

சேர்க்கும் நாளிலேயே ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுவார், தானே குளிப்பாரா, கணக்குவழக்கு பார்ப்பாரா, எதைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலரும், மறதி உண்டா, தூக்கம் எப்படி. அதோடு இன்னொரு கேள்வியும் முக்கியம்: கீழே விழுவதற்கு அல்லது நோய் வருவதற்கு முந்தைய சில மாதங்களில் ஏதாவது குறைந்ததா? எங்கள் வீட்டில் அம்மாவிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அப்பா நாலைந்து மாதமாகவே செய்தித்தாளைப் பிரிக்காமல் மடித்து வைத்துவிடுவாராம். நண்பர்கள் வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொல்வாராம். மனச்சோர்வு மருத்துவமனையில் தொடங்கியதே இல்லை, எங்களோடு வீட்டிலிருந்து வந்திருக்கிறது. மனநல மருத்துவருக்கு மிகவும் உதவியாக இருந்ததும் இந்தத் தகவல்தான்.

ஆண்டு, மாதம் போட்டு எழுதுங்கள். "கொஞ்ச நாளாக" என்பதை வைத்து ஒரு டாக்டரால் எதுவும் செய்ய முடியாது.

2. முதலில் டெலிரியம் இல்லை என்று உறுதி செய்யச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

உடல்நிலை கெடும்போது மூளை திடீரென்று தடுமாறுவதை டெலிரியம், அதாவது திடீர்க் குழப்பநிலை என்கிறார்கள். கத்துவது, ஊசிக் குழாயைப் பிடுங்குவது, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது என்று வந்தால் எல்லோரும் கவனித்துவிடுவார்கள். இதற்கு அமைதியான வடிவமும் ஒன்று உண்டு. ஆள் மந்தமாகிவிடுவார், கேட்டதற்கு இழுத்து இழுத்துப் பதில் சொல்வார், சாப்பிட மாட்டார், தூங்கிக்கொண்டே இருப்பார். பார்ப்பதற்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும். டாக்டர்களும் ஏமாறுவார்கள்: 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு என்று சொல்லி மனநலப் பிரிவின் கருத்துக் கேட்கப்பட்ட முதிய உள்நோயாளிகளில் 42 விழுக்காட்டினருக்கு உண்மையில் இருந்தது டெலிரியம்.

வித்தியாசத்தை நீங்களே ஓரளவு பிடிக்கலாம். மனச்சோர்வு வாரக்கணக்கில் மெல்ல ஏறும். டெலிரியம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும், காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் இடம் தெரியாமல் விழிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, கவனம் நிற்காது. வாரத்தின் நாட்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். மனச்சோர்வில் இருப்பவர் சலித்துக்கொள்வார், "தெரியாது, விடு" என்பார், கொஞ்சம் வற்புறுத்தினால் சொல்லிவிடுவார். டெலிரியத்தில் இருப்பவர் இரண்டு நாளைச் சொல்வதற்குள் எதைக் கேட்டோம் என்பதையே மறந்துவிடுவார்.

டெலிரியம் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். மறுநாள் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, சிறுநீர் அடைப்பு, பல நாள் மலச்சிக்கல், சோடியம் குறைவு, அடங்காத வலி, வலிக்குக் கொடுத்த கடுமையான மருந்து, வழக்கமாகப் போட்ட தூக்க மாத்திரை அல்லது மதுப்பழக்கம் சட்டென்று நின்றது என்று தேட வேண்டிய காரணங்கள் பல. கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் வீட்டிலேயே கிடப்பதும் நிலைமையை மோசமாக்கும். அப்பாவுக்கு இருந்தது சிறுநீர்த் தொற்று. ஒன்பதாம் நாள் இரவு, பயிற்சியில் இருந்த ஓர் இளம் டாக்டர்தான் அதைக் கண்டுபிடித்தார். நான் ஐந்து நாளாக அப்பாவைச் "சிரிங்கப்பா, தைரியமா இருங்கப்பா" என்று வதைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று வந்தால் மற்றது இருக்காது என்றும் நினைத்துவிட வேண்டாம். தொற்று ஆறிய பிறகு அப்பாவுக்குத் தெளிவு திரும்பியது, ஆர்வம் திரும்பவில்லை. அடியில் இருந்த மனச்சோர்வு அப்போதுதான் வெளியே தெரிந்தது.

3. தினமும் நான்கு வரி குறித்துக்கொள்ளுங்கள்

மனச்சோர்வுக்கு மருத்துவ வரையறை இதுதான்: குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நாட்களில், ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதில் ஒன்று சோகமாகவோ எதிலும் ஈடுபாடில்லாமையாகவோ இருந்தாக வேண்டும். படித்தால் எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் எவருக்கும் பசி குறையும், தூக்கம் கெடும், உடம்பு அசதியாகும். அந்த மூன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அதனால் உடம்பு நோயால் விளக்க முடியாதவற்றைக் கவனியுங்கள். வலி குறைந்த நேரத்திலும் பிடித்த மனிதரைப் பார்த்து முகம் மாறவில்லையா? "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தும் எழ மறுக்கிறாரா? பழைய தப்பு எதையோ எடுத்து வைத்துக்கொண்டு தன்னையே குறை சொல்கிறாரா?

வயதானவர்கள் பலர் "எனக்குச் சோகமாக இருக்கிறது" என்று சொல்லவே மாட்டார்கள். முதுகு வலி, தலை கிறுகிறுப்பு, வயிற்றில் என்னவோ போலிருக்கிறது, ஞாபகமே இல்லை என்பார்கள். எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாத வலி நாளுக்கு ஓர் இடம் மாறினால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள்.

நான்கு வரி போதும்: எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் தூங்கினார், எதற்காவது தானாகப் பேசினாரா, என்ன சொன்னார். கடைசி வரியில் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், உங்கள் விளக்கம் வேண்டாம்.

4. சாவு பற்றிப் பேசினால் அன்றைக்கே சொல்லுங்கள்

"போதும், போய்ச் சேர்ந்தா நல்லது" என்று வயதானவர் சொன்னால் வழக்கமான புலம்பல் என்று கடந்துபோகிறோம். சில நேரம் அது புலம்பலாகவே இருக்கும். உலகின் பல நாடுகளில் தற்கொலை விகிதம் முதிய ஆண்களிடம்தான் மிக அதிகம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை.

நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தீர்களா?" கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, நர்ஸிடமும் டியூட்டி டாக்டரிடமும் உடனே சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். தலையணைக்கு அடியில் மாத்திரை சேர்த்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். சாப்பாட்டையும் மருந்தையும் சத்தமில்லாமல் மறுப்பதும் இதே வகையில் சேரலாம்.

5. ஒரே கோப்பு, ஏழு காகிதம்

நான் ஓடியது பெரும்பாலும் இதற்காகத்தான். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு நகல்.

- முன் நிலை எழுதிய தாள் (முதல் படியில் சொன்னது).
- அன்றாடக் குறிப்பு.
- வீட்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் பட்டியல், டோஸோடு. கடையில் தானாக வாங்கியது, நாட்டு மருந்து, தூக்க மாத்திரை எல்லாம் சேர்த்து. முடிந்தால் அட்டைகளையே ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.
- பழைய டிஸ்சார்ஜ் சுருக்கங்கள், கடைசி ஓராண்டின் ரத்தப் பரிசோதனை முடிவுகள், கடைசி ஈசிஜி.
- முன்பு எப்போதாவது மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் அதன் விவரம். எந்த மருந்து பலித்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்தால் பல வாரம் மிச்சம். குடும்பம் இதை மறைப்பது சகஜம். தயவுசெய்து மறைக்காதீர்கள்.
- அடையாளச் சான்று, காப்பீட்டு ஆவணம்.
- அவர் சார்பில் பேசவும் கையெழுத்திடவும் யாருக்கு உரிமை என்று காட்டும் காகிதம், இருந்தால்.

கடைசி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. தெளிவாக இருக்கும் பெரியவருக்குத் தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யும் உரிமை உண்டு. மகன் என்பதாலேயே நீங்கள் அவருக்குப் பதிலாகச் சம்மதம் சொல்லிவிட முடியாது. உங்களிடம் விவரம் பேச அவருடைய ஒப்புதலை டாக்டர் கேட்கலாம். அவர் தெளிவாக இருக்கும் வேளையில் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

6. மனநல மருத்துவர் தானாக வரமாட்டார், கேட்டு வாங்குங்கள்

பெரிய மருத்துவமனைகளில் ஒரு பிரிவில் படுத்திருப்பவரை வேறு பிரிவு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால், பொறுப்பான டாக்டர் பரிந்துரை எழுத வேண்டும். நர்ஸிடம் பத்து முறை சொன்னாலும் எழுதாதவரை ஒன்றும் நடக்காது. எனக்கு இது தெரியவே ஒரு வாரம் ஆனது.

ரவுண்ட்ஸ் நேரத்தை விசாரித்து, அந்த வேளையில் கட்டிலருகே இருங்கள். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். "அப்பா டல்லா இருக்கார் டாக்டர்" என்றால் "சரியாகிடும்" என்றுதான் பதில் வரும். நான் கடைசியில் சொன்னது இது: "டாக்டர், பதினைந்து நாளாக இவர் எதிலும் ஈடுபடவில்லை, பாதிச் சாப்பாடுதான் உள்ளே போகிறது, பிசியோதெரபியை ஆறு முறை மறுத்துவிட்டார், நேற்று செத்துப்போனால் தேவலை என்றார். டெலிரியம் பார்த்தாகிவிட்டது. மனநலப் பிரிவுக்கு எழுதித் தரமுடியுமா?" தாளையும் நீட்டினேன். அன்றைக்கே எழுதினார். பிசியோதெரபியை மறுக்கிறார் என்றதும்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார் என்பது என் அனுமானம். அறுவை சிகிச்சை டாக்டருக்கு அவர் போட்ட எலும்பு நடக்க வேண்டும், அதில் தப்பில்லை. அவருக்குக் கவலையான விஷயத்தோடு உங்கள் கவலையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பரிசோதனை என்பது பெரும்பாலும் கேள்வித்தாள்தான். முதியவர்களுக்கென்றே உள்ள ஜிடிஎஸ்-15-இல் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள். மதிப்பெண் 5-க்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். உடல் அறிகுறிகளை அது பெரிதாகக் கேட்பதில்லை, அதனால் உள்நோயாளிகளுக்குப் பொருந்தும். பிஎச்கியூ-9 என்ற இன்னொரு கேள்வித்தாளில் 9 கேள்விகள், மொத்த மதிப்பெண் 27. அதில் 10 வந்தால் கவனிக்க வேண்டிய எல்லை. மறதிநோய் முற்றியவர்களால் இவற்றுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாது. அவர்களுக்காகப் பராமரிப்பவரையும் விசாரித்து மதிப்பெண் போடும் 19 கேள்விகள் கொண்ட கார்னெல் அளவுகோல் இருக்கிறது. எதுவும் நோயை முடிவு செய்துவிடாது. முடிவு செய்வது டாக்டர் பேசிப் பார்த்துத்தான்.

அந்த நேரத்தில் கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றும் மாட்டியிருக்கட்டும். அவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள், பிள்ளைகள் முன்னால் பல பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை. என் அப்பா டாக்டரிடம் சொன்னதில் பாதி இன்றுவரை எனக்குத் தெரியாது.

7. மாத்திரைக்கு முன் ரத்தம், பழைய மருந்துச் சீட்டு

தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, ரத்தசோகை, சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். சேர்க்கும்போது எடுத்த ரத்தத்திலேயே பாதி இருக்கும், ஏற்கெனவே உள்ளதைக் காட்டினால் மறுபடி எடுக்க வேண்டியிருக்காது. தைராய்டும் பி12-உம் தான் விட்டுப்போகும்.

அப்புறம் மருந்துப் பட்டியலை ஒருமுறை மனநல மருத்துவரையே முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை, கடும் வலி மருந்து, சில வலிப்பு மருந்துகள் மனநிலையை மாற்றக்கூடியவை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பக்கவாத வார்டில் இருந்தால் யாரும் சொல்லாமலே நீங்கள் கேளுங்கள்.

8. மாத்திரை தொடங்கினால் காலண்டரில் குறியுங்கள்

குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் தள்ளியும் போகலாம். பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வரும். இந்த இடைவெளியில்தான் "மாத்திரை போட்டு இன்னும் மோசமாயிட்டார்" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இந்த மாத்திரைகளுக்குத் தூக்க மாத்திரை போல அடிமையாவது கிடையாது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம்.

கேட்க வேண்டியவை:

எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை மனச்சோர்வு மாத்திரை என்றால், சோடியம் எப்போது மறுபடி பார்ப்பீர்கள்? முதல் சில வாரங்களில் அது குறையலாம், நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு ஆபத்து கூடுதல். இயல்பான அளவு 135 முதல் 145. சோடியம் குறைந்தால் மறுபடியும் குழப்பம், தள்ளாட்டம், விழுவது.

ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, வலி மாத்திரை ஏதாவது கூடவே போகிறதா? இரைப்பையில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

இதயத் துடிப்புக்கு ஈசிஜி வேண்டுமா? அதே வகையைச் சேர்ந்த சிட்டலோபிராம் என்றால் 60 வயதுக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம்தான் உச்சம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் சொல்லியிருக்கிறது.

பழைய வகை மாத்திரையான அமிட்ரிப்டிலின் எழுதப்பட்டால் காரணம் கேளுங்கள். முதியவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், குழப்பம், எழுந்ததும் தலைசுற்றல் ஆகியவற்றைக் கொடுக்கக்கூடியது. காரணம் இருந்தால் சரி.

சாப்பாட்டையே முற்றிலும் மறுப்பவருக்கு மின்னதிர்வுச் சிகிச்சை பற்றி டாக்டர் பேசினால் அலறாதீர்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள், முதியவர்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது.

மாத்திரை பலிக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பகலில் திரைச்சீலையைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், உட்கார வையுங்கள், இரவில் தூங்க விடுங்கள். பேச்சு வழிச் சிகிச்சை தருபவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், வயதானவர்களுக்கும் அது பலிக்கும். அறிவுரையை மட்டும் நிறுத்துங்கள்.

9. செலவு எங்கே ஒளிந்திருக்கும்

மனநலச் சிகிச்சைக்கான பழைய மாத்திரைகள் பெரும்பாலும் மலிவுதான், அதிலும் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்தாக வாங்கினால். பணம் வேறு இடத்தில் போகிறது. அறுவை சிகிச்சைக்கு மொத்தத் தொகை பேசியிருந்தால் அதில் மனநல மருத்துவர் கட்டணம் சேருமா என்று பரிந்துரை எழுதும்போதே பில்லிங் பிரிவில் கேளுங்கள். எங்களுக்கு ஒவ்வொரு வருகையும் தனியாக வந்தது.

காப்பீட்டில் மூன்று கேள்விகள்: மனநோய் சேர்ந்ததா, உள்நோயாளியாக இருக்கும்போது மட்டுமா, டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் ஆலோசனைகளுக்கும் உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டுக்குப் பயந்து நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று டாக்டரைக் கெஞ்சும் குடும்பங்கள் உண்டு, நானும் ஒரு கணம் யோசித்தேன். எழுதாவிட்டால் அடுத்த டாக்டருக்குத் தெரியாது.

ஆனால் உண்மையான செலவு நாட்கள்தான். எழுந்து நடக்க மறுக்கும் ஒவ்வொரு நாளும் கட்டில் வாடகை, உடன் இருப்பவரின் சம்பள இழப்பு, படுக்கைப் புண் வரும் வாய்ப்பு.

10. டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

எங்கள் முதல் சுருக்கத்தில் எலும்பு பற்றி ஒரு பக்கம் இருந்தது. மனச்சோர்வு என்ற சொல்லே இல்லை, மாத்திரையும் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. திருப்பிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து மாற்றி வாங்கினேன். வண்டி வந்து நின்றுகொண்டிருக்கும்போது இதைச் செய்வது கடினம், அதனால் முந்தின நாளே வரைவைக் கேளுங்கள்.

அதில் இருக்க வேண்டியவை: நோயின் பெயர், மாத்திரையின் பெயரும் அளவும், எந்தத் தேதியில் தொடங்கியது, யார் கூட்டிக் குறைப்பார், சோடியம் பார்க்கும் தேதி, இரண்டு வாரத்துக்குள் மறுசந்திப்பு. "தேவைப்பட்டால் வரவும்" என்று எழுதியிருந்தால் தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். தேவைப்படும்போது கிளம்பி வரும் தெம்பு அவருக்கு இருக்காது.

வீட்டில் பழைய மாத்திரைகளை அகற்றுங்கள், புதியதை வாரக்கணக்கில் மட்டும் கையில் கொடுங்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது 6 முதல் 12 மாதம் தொடரச் சொல்வார்கள். அப்பா மூன்றாம் மாதம் "நான்தான் நல்லா இருக்கேனே" என்று நிறுத்தப் பார்த்தார். செய்தித்தாளைப் பிரித்துவைத்துக்கொண்டுதான் சொன்னார், அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த சந்திப்புத் தேதியைக் காட்டி, அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றேன்.